கல்லின் பெயரை எலுமிச்சை சொல்லட்டும்

வீடு கட்டுகிறவர்களுக்குக் கல் கிடங்குக்குப் போகிற நாள் ஒரு சின்னத் திருவிழா. பூச்சு வேலை முடிந்து, வயரிங் இழுத்து, சமையல் மேடைக்குத் தளமும் போட்டாயிற்று. இனி மேலே பதிக்கக் கல் பார்க்க வேண்டும். கணவன், மனைவி, மாமியார், கூடவே யோசனை சொல்ல ஒரு மேஸ்திரி. இரும்புச் சட்டங்களில் சாய்த்து நிறுத்தியிருக்கும் ஆளுயரப் பலகைகளுக்கு நடுவே நடக்கும்போது ஒரு வெளிர்நிறக் கல் எல்லோரையும் நிறுத்திவிடும். பாலில் தேன் கலந்த நிறம், உள்ளே புகைபோல ஓடும் கோடுகள். கடைப் பையன் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்ததும் கல்லின் நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும்.

"இது என்ன கல்லு, தம்பி?"

"தாஜ்மஹால், மேடம். குவார்ட்சைட். பாக்க மார்பிள் மாதிரி இருக்கும், ஆனா கிரானைட்டைவிட ஸ்ட்ராங்கு. கறையே புடிக்காது."

இந்தப் பதிலில் எவ்வளவு உண்மை என்பது எதிரே நிற்கும் அந்தக் குறிப்பிட்ட பலகையைப் பொறுத்தது. கறையே பிடிக்காது என்பது மட்டும் எந்த இயற்கைக் கல்லுக்கும் பொருந்தாது.

தாஜ்மஹால் என்ற பெயருக்கும் ஆக்ராவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஷாஜகான் கட்டிய தாஜ்மஹால் ராஜஸ்தானின் மக்ரானா பளிங்கால் ஆனது. கடையில் நிற்கும் 'தாஜ்மஹால்' வடகிழக்குப் பிரேசிலின் சியரா மாநிலத்துக் குவாரிகளில் வெட்டப்பட்டுக் கப்பலேறி வந்த கல். நம் ஊர்க் கல்லுக்கும் இதே கதைதான். உலகச் சந்தையில் 'காஷ்மீர் ஒயிட்' என்று விற்ற வெள்ளைக் கல், மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரத்தில் வெட்டியது. புடவைக்குப் பெயர் வைப்பதுபோல வியாபாரிகள் கல்லுக்கும் பெயர் வைக்கிறார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் குவார்ட்சைட் என்பது செல்லப் பெயர் இல்லை. அது பாறையின் இனம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு குடும்பம் உள்ளூர் கிரானைட்டைப்போலப் பல மடங்கு விலை கொடுக்கிறது. அந்தச் சொல் பொய்யானால் நஷ்டம் அந்தக் குடும்பத்துக்கு. இருபது முப்பது வருஷம் தினமும் மூன்று வேளை கண்ணில் படுகிற நஷ்டம். ஆகவே பில்லில் கல்லின் இனத்தை எழுதித் தருவது கடைக்காரரின் கடமை என்றாக வேண்டும். ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை என்ற பழக்கம் வாங்குகிறவர்களுக்கும் வர வேண்டும்.

இந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அந்தச் சோதனையின் அர்த்தமும் புரியும். ஒரு காலத்தில் கடற்கரையிலோ ஆற்றுப்படுகையிலோ கிடந்த மணல் அடுக்கடுக்காகப் படிந்து மணற்கல் ஆனது. அது பூமிக்குள் ஆழமாகப் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மணிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து குவார்ட்சைட் ஆனது. மணல்மணியில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கிராமத்துப் பிள்ளைகள் வெங்கச்சங்கல் என்று பொறுக்கிவந்து, இருட்டில் இரண்டை உரசி வெளிச்சம் காட்டுவார்களே, அதே பொருள்தான். மணற்கல்லை உடைத்தால் மணிகளுக்கு நடுவே பிளந்து பொலபொலவென்று உதிரும். குவார்ட்சைட்டை உடைத்தால் முறிவு மணிகளையே வெட்டிக்கொண்டு நேராகப் போகும். விளிம்பு கூராக நிற்கும்.

இந்தக் குணத்தை முதலில் கண்டுகொண்டவர்கள் இன்றைய வீட்டு அலங்கார நிபுணர்கள் அல்லர். திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிற அத்திரம்பாக்கத்தில் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-இல் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் அங்கே அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் குவார்ட்சைட்டில் செய்தவை. எந்தக் கல் நினைத்தபடி உடையும், எது கூர் மழுங்காமல் உழைக்கும் என்பதை ஒவ்வொரு கல்லாகத் தட்டித்தான் அந்தக் கைகள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கல்லைச் சோதித்து எடுப்பது இந்த மண்ணில் அவ்வளவு பழைய வேலை.

கல்லின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. மாக்கல்லின் இனமான டால்க்குக்கு 1, வைரத்துக்கு 10. குவார்ட்ஸுக்கு 7. சமையலறைக் கத்தியும் கண்ணாடியும் ஐந்தரையை ஒட்டி நிற்கும். பளிங்கின் மூலப்பொருளான கால்சைட்டுக்கு 3, அதன் ஒன்றுவிட்ட சகோதரனான டோலமைட்டுக்கு மூன்றரையிலிருந்து 4 வரை. நிஜமான குவார்ட்சைட்டை வீட்டுக் கத்தி கீற முடியாது, பளிங்கைக் கீறிவிடும் என்பதுதான் இந்த எண்களின் சாரம். இன்னொரு வேறுபாடும் உண்டு, சமையலறையில் அதுவே முக்கியம். பளிங்கும் டோலமைட்டும் கார்பனேட் கற்கள். புளிப்பு பட்டால் அரிக்கும். குவார்ட்ஸ் புளிப்புக்கு அசையாது. தமிழ் வீட்டுச் சமையலறையைப்போலப் புளிப்பு புழங்கும் இடம் வேறு எது? புளிக்கரைசலில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். காலையில் தக்காளிச் சட்னி, மதியம் ரசம், இரவு மோர் என்று நாள் முழுக்க மேடைக்கு அமில அபிஷேகம்தான்.

குவார்ட்சைட் என்று கேட்டுப் போகிறவர்களுக்கு மூன்று வெவ்வேறு பொருள்கள் கிடைக்கக்கூடும். ஒன்று, நிஜமான குவார்ட்சைட். இரண்டாவது, பெயரில் ஓர் எழுத்து ஓசையே வித்தியாசமான 'குவார்ட்ஸ்'. இது தொழிற்சாலையில் செய்யும் பலகை. இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய முறையில், பொடித்த குவார்ட்ஸ் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்து, பாலியெஸ்டர் பிசினும் நிறமியும் சேர்த்து, வெற்றிடத்தில் அதிர்வு கொடுத்து அழுத்திச் செய்வது. எண்ணெய், தண்ணீர் உள்ளே இறங்காது என்பது அதன் பலம். ஆனால் பிசினுக்குச் சூடு ஆகாது; 150 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறவோ வெடிக்கவோ வாய்ப்பு உண்டு. வடை பொரிக்கும் எண்ணெய் அதைவிடச் சூடானது. தொடர்ந்து வெயில் பட்டாலும் மஞ்சளிக்கும். இதைத் தெரிந்து வாங்கினால் நல்ல பொருள்தான். குவார்ட்சைட் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்.

மூன்றாவதுதான் உண்மையில் வம்பு. குவார்ட்சைட் என்ற பெயரில் உலவும் டோலமைட் பளிங்குகள். பிரேசிலிலிருந்து வரும் 'சூப்பர் ஒயிட்', ராஜஸ்தானிலிருந்து போகும் 'ஃபேன்டஸி பிரவுன்' இரண்டும் பல நாடுகளில் குவார்ட்சைட் என்றே விலை போயிருக்கின்றன. இரண்டும் பெரும்பாலும் டோலமைட்டால் ஆன பளிங்கு வகை. கேட்டால் 'சாஃப்ட் குவார்ட்சைட்' என்று ஒரு பெயர் சொல்வார்கள். பாறையியலில் அப்படி ஓர் இனமே கிடையாது. மிருதுவான குவார்ட்சைட் என்று யாராவது சொன்னால் அது பளிங்கு என்று எடுத்துக்கொண்டு அடுத்த பலகைக்கு நகர்வது நல்லது.

பிடித்த பலகையிலிருந்தே ஒரு துண்டு கேட்க வேண்டும். வேறு பலகையின் துண்டு உதவாது. உள்ளங்கை அளவு போதும். ஓரங்களை நேராக்கும்போது விழும் சில்லு எல்லாக் கிடங்கிலும் குப்பையாகக் கிடக்கும். தர மறுக்கும் கடையில் அத்தனை பணத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை.

அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கவும். பாலிஷ் போட்ட முகத்தில் ஒரு துளிச் சாறு, அறுத்த பச்சை முகத்தில் ஒரு துளி. பாலிஷ் முகத்தில் பிசினோ மெழுகோ பூசியிருந்தால் அது சிறிது நேரம் காப்பாற்றும். அதனால்தான் இரண்டு இடத்திலும் விட வேண்டும். அரை மணி நேரம் கழித்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துண்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சம் சறுக்கிக்கொண்டு போகும் கோணத்தில்தான் தெரியும். சாறு நின்ற இடம் மட்டும் மங்கி, விரலால் தடவினால் சற்றே சொரசொரப்பாக இருந்தால் அது கார்பனேட் கல். கடையில் அதன் பெயர் என்னவாக இருந்தாலும் சரி. மங்கவில்லையென்றால் மறுபடி ஒரு துளி விட்டு இரவு முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பளபளப்பு மாறவில்லையென்றால் பாதி நிம்மதி.

மீதிப் பாதிக்கு ஒரு பழைய கண்ணாடி பாட்டில் போதும். கல்லின் கூரான மூலையைக் கண்ணாடிமேல் அழுத்தி ஒரு கோடு இழுக்க வேண்டும். குவார்ட்சைட் என்றால் கரகரவென்ற சத்தத்தோடு கண்ணாடியைப் பற்றிக்கொண்டு கீறும். துடைத்தாலும் கோடு நிற்கும், நகத்தை வைத்தால் பள்ளம் தெரியும். பளிங்கு என்றால் வழுக்கிக்கொண்டு போகும்; வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தாலும் அது கல்லின் மாவு, துடைத்ததும் போய்விடும். ஃபேன்டஸி பிரவுன் போன்ற பட்டைபட்டையான கற்களில் ஒரு பட்டை குவார்ட்ஸாகவும் அடுத்த பட்டை டோலமைட்டாகவும் இருக்கக்கூடும். அதில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், வெளிர் நிறப் பட்டையை முக்கியமாக.

கடைசியாக மஞ்சள் தூளை நல்லெண்ணெயில் குழைத்து ஒரு பொட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். இது கல்லின் இனத்தைச் சொல்லாது. எவ்வளவு உறிஞ்சும் என்பதைச் சொல்லும். குவார்ட்சைட்டிலேயே நன்றாக வெந்து இறுகியதும் உண்டு, மணிகளுக்கு நடுவே இடைவெளி மிச்சமிருப்பதும் உண்டு. காலையில் கழுவியதும் போய்விட்டால் இறுகிய கல். மஞ்சள் தங்கிவிட்டால் அதை வாங்கக் கூடாது என்றில்லை, சீலர் போடுவதில் அசட்டையாக இருக்க முடியாது என்று அர்த்தம்.

இத்தனை சோதனைக்கும் ஆகும் செலவு ஓர் எலுமிச்சம்பழம். செய்யாமல் விட்டவர்களின் சமையலறையில் என்ன தெரியும் என்பது பழகிய காட்சி. புத்தம்புது வெள்ளை மேடையில், குடிவந்து ஒரே மாதத்தில், ரசம் டம்ளரின் அடி அளவுக்கு மங்கலான வளையங்கள். வீட்டுக்காரம்மா கறை என்று நினைத்துத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க இன்னும் மங்கும். அது கறையே இல்லை. கல்லின் மேல்தோல் கரைந்து போன இடம். சீலர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி ஒருவர் வந்து பணம் வாங்கிப் போவார். சீலர், கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் மருந்து. அமிலம் மேல்தோலை அரிப்பதை அது தடுக்காது. மறுபடி மெருகேற்றுவதைத் தவிர அந்த வளையத்துக்கு வைத்தியம் கிடையாது, மறுநாள் ரசம் சிந்தினால் மறுபடி வளையம்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்லா வீட்டுக்கும் குவார்ட்சைட் தேவையில்லை. முன்பு நம் வீடுகளில் கடப்பா கல் இருந்தது. கடப்பா, கர்நூல் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். புளி பிழிகிற மூலை மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும், எண்ணெய் தடவி ஒப்பேற்றுவார்கள். அதற்குப் பிறகு கிரானைட் வந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம், மதுரை மாவட்டங்களின் கல் உலகமெங்கும் போகிறது. நல்ல கறுப்புக் கிரானைட் புளிக்கும் அசையாது, சூட்டுக்கும் அசையாது, மஞ்சளைக் காட்டாது, பராமரிப்பும் கேட்காது. உழைப்பு மட்டும் போதுமென்றால் அதற்கு மேல் செலவழிக்க ஒரு காரணமும் இல்லை. கிரானைட் போட்டால் பழைய பாணி என்று சொல்கிற விளம்பரங்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

குவார்ட்சைட் யாருக்கு? பளிங்கின் வெளிர் நிறமும் அந்த ஓடும் கோடுகளும் வேண்டும், ஆனால் அடுப்பங்கரையில் நிஜமாகவே சமைக்கவும் வேண்டும் என்கிறவர்களுக்கு. இருட்டான சமையலறையில் வெளிர் கல் உண்மையிலேயே வெளிச்சம் கூட்டும். அந்த ஆசை நியாயமானது, அதற்குச் சரியான கல் இதுதான். ஆசைப்பட்டு வாங்கும்போது ஏமாறக் கூடாது என்பதுதான் வாதம்.

தேர்ந்தெடுக்கும்போது முழுப் பலகையையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாம்பிள் சில்லு, செல்போன் படம் இரண்டும் உதவாது. ஒரே குவாரியின் அடுத்தடுத்த பாறைகளிலேயே நிறமும் கோடும் மாறும். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னால் பல பலகைகளில் கண்ணாடி இழை வலை ஒட்டியிருக்கும். மெல்லிய பிளவுகளைப் பிசின் விட்டு நிரப்பியும் இருப்பார்கள். இது குற்றமில்லை, கோடுகள் நிறைந்த கல்லைப் பத்திரமாகக் கொண்டுவர அதுவே வழி. ஆனால் பிளவு எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிங்க் வெட்டு வராதபடி அளவு குறிக்கச் சொல்ல வேண்டும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய பிறகு முன்னாலும் பின்னாலும் நாலு விரல் அகலமே மிஞ்சும். மேடையில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விழும். வெட்டியெடுத்த நடுத்துண்டு வாங்கியவருடைய சொத்து, விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சப்பாத்தி தேய்க்கவும் ஆகும், பின்னாளில் எந்தத் திரவத்தையும் மேடையில் விடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கவும் ஆகும்.

பளபளவென்ற பாலிஷா, தோல்போலத் தடவ இதமாக இருக்கும் லெதர் ஃபினிஷா என்பது அவரவர் விருப்பம். லெதரில் விரல் ரேகையும் தண்ணீர்த் தடமும் தெரியாது. மாவு பிசைந்தால் குழிகளில் ஒட்டும்.

பராமரிப்பு என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. தினசரி வேலை, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு மென்மையான துணியால் துடைப்பது, அவ்வளவுதான். ஸ்டீல் நாரும் தேய்க்கும் பவுடரும் வேண்டாம். சீலர் போட்டதும் உடனே புழங்கக் கூடாது, புழங்கிய மேடையில் உடனே சீலர் போடவும் கூடாது. மேடையைச் சுத்தம் செய்து ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். கல்லுக்குள் இறங்கும் வகைச் சீலரைப் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குப்படி விட்டு, மிஞ்சியதை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். பலர் சொதப்புவது இந்தக் கடைசிப் படியில். துடைக்காமல் விட்ட சீலர் மேலே காய்ந்து ஏடு கட்டியதுபோல நிற்கும். பிறகு கல் மங்கிவிட்டதாகக் கல்லைத் திட்டுவோம். மறுபடி எப்போது போடுவது என்பதற்குக் காலண்டர் வேண்டாம். சிங்க் ஓரத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு கால் மணி நேரம் கழித்துத் துடைக்க வேண்டும். அந்த இடம் நிறம் கறுத்திருந்தால் கல் குடிக்க ஆரம்பித்துவிட்டது, சீலர் போடும் நேரம். முத்துமுத்தாக நின்றிருந்தால் இன்னும் காலம் இருக்கிறது.

மஞ்சள் கறைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல்முறை பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். சிந்திய மஞ்சளைச் சோப்பு போட்டுத் துடைத்தால் சிலநேரம் அது செக்கச்செவேலென்று மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கரைத்தால் சிவப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். கல் கெடவில்லை. குர்குமினுக்கு வெயில் எதிரி. ஜன்னல் வெயில் விழும் மேடையில் நாலைந்து நாளில் தானே வெளுக்கும். போகாவிட்டால், சுளுக்குக்குப் பற்றுப் போடுவோமே, அதே வைத்தியம்: சமையல் சோடாவை மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்துக் கறைமேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் உறையால் மூடி ஒரு நாள் விட்டு எடுப்பது. கறையைப் பற்று உறிஞ்சிக்கொண்டு வரும். முதலில் அந்த சிங்க் துண்டில் செய்து பார்த்துவிட வேண்டும்.

எண்ணெய்ப் பாட்டிலின் அடி வளையத்துக்கும் இதே பற்று, பெராக்சைடுக்குப் பதில் தண்ணீரில் குழைத்து, ஒரு தடவையில் போகாவிட்டால் இரண்டு மூன்று தடவை. பாட்டில்களை ஒரு தட்டில் வைத்துப் பழகினால் இந்த வேலையே இல்லை. அரிவாள்மனையையும் இரும்பு தோசைக்கல்லையும் கழுவி ஈரத்தோடு வெளிர் கல்மேல் வைக்கக் கூடாது. துருக்கறை மஞ்சளைவிடப் பிடிவாதம். வெள்ளிக்கிழமைக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவைப்பது நிஜமான குவார்ட்சைட்டை ஒன்றும் செய்யாது. பளிங்கில் அது ஒரே நாளில் தடம் போட்டுவிடும்.

குடிபோவதற்கு முன் பெயின்ட், சிமென்ட் பால் போக வீடு முழுக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் நம் ஊரில் வேரோடியிருக்கிறது. குவார்ட்ஸ் மணிகளை ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொடாது, உண்மை. ஆனால் கல்லில் கலந்திருக்கும் இரும்புத் தாதுக்களைத் தூண்டிவிட்டு மஞ்சள் துருப் பூக்க வைக்கும். இணைப்புகளையும் சிங்க்கையும் கெடுக்கும், கழுவுகிறவரின் நுரையீரலையும் எரிக்கும். மேடையருகே ஆசிட் பாட்டிலையே விடக் கூடாது.

சூடு? குவார்ட்ஸ் படிகம் உருமாறுவது 573 டிகிரியில். எந்தச் சமையலும் அந்த எல்லைக்குப் போகாது. ஆனால் நிரப்பிய பிசினுக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஒரே இடத்தில் திடீரென்று சூடேறினால் பிளவுள்ள கல் விரிசல் விடவும் கூடும். பிரிமனை ஒன்று போதும். கடினமான கல் என்பதால் உடையாது என்று நினைப்பதும் தவறு. கடினம் என்பது கீறலைத் தாங்குவது. அடியைத் தாங்குவது வேறு சமாச்சாரம். மேடை விளிம்பில் தேங்காய் உடைக்கும் கைப்பழக்கம் இந்தக் கல்லோடு ஒத்துவராது. பரண்மேல் இருக்கும் அண்டாவை எடுக்க மேடைமேல் ஏறி, சிங்க் ஓரத்தில் கால் வைப்பதும் அப்படித்தான்.

வீட்டுக்காரர் பார்க்காத ஒரு செலவு இருக்கிறது. பலகை வீட்டு வாசலில் இறங்கியதும், பாதி கட்டிய கூடத்தில் ஓர் இளைஞர் குந்தி உட்கார்ந்து கட்டிங் மிஷினை ஓட்டுவார். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. பக்கத்தில் இன்னொரு பையன் தண்ணீர் பாட்டிலின் மூடியில் துளை போட்டு எப்போதாவது தெளிப்பான், பாட்டில் தீர்ந்தால் அதுவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் கூடம் பனிமூட்டம்போல வெளுத்துவிடும். இருவரின் புருவமும் வெள்ளை. மதியம் சாப்பிடும் முன் சட்டையை உதறும்போது அந்தத் தூசி இன்னொரு முறை எழும்பும்.

கிரானைட்டில் குவார்ட்ஸ் பெரும்பாலும் கால் பங்கிலிருந்து பாதிக்குள். குவார்ட்சைட்டில் 90 சதவீதத்துக்கு மேல். அறுக்கும்போது கிளம்பும் தூசியில் கண்ணுக்கே தெரியாத துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போகின்றன. துண்டு அவற்றுக்குத் தடையே இல்லை. அங்கே தழும்பு விழுந்து மூச்சு சுருங்கும் நோய் சிலிகோசிஸ். அதைக் குணமாக்க மருந்து இல்லை, காசநோயும் எளிதில் தொற்றும். ராஜஸ்தானின் குவாரித் தொழிலாளர்களிடம் இந்த நோய் இருந்த அளவைப் பார்த்துத்தான் அந்த மாநில அரசு 2019-இல் இதற்கென்றே கொள்கை வகுத்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளைத் தடை செய்தது, உலகிலேயே முதல் நாடாக. மேடைக் கல் அறுத்த இளம் தொழிலாளர்கள் வரிசையாக நோயில் விழுந்ததுதான் காரணம். இயற்கைக் கல் அந்தத் தடைக்குள் வராது. அதனால் இயற்கைக் கல்லின் தூசி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

இங்கே வாங்குகிறவரின் வார்த்தைக்கு வலு உண்டு. அளவெடுத்துக்கொண்டுபோய், பட்டறையில் தண்ணீர் ஓடும் பெரிய மிஷினில் அறுத்து, முனை மெருகேற்றி, தயாராகக் கொண்டுவந்து பதிக்கச் சொல்லலாம். குவார்ட்சைட்டுக்கு அதுவே கல்லுக்கும் நல்லது. கை மிஷினில் வறட்டு வறட்டென்று அறுத்தால் ஓரம் பொரிந்துபோகும். வீட்டில் அறுக்க வேண்டியது ஏதாவது மிஞ்சினால் வெளியே, தொடர்ந்து தண்ணீர் விட்டு, குறைந்தது என்-95 முகக்கவசமாவது போட்டு. கூலி சற்றுக் கூடும். கல்லுக்கே அத்தனை கொடுக்கிற வீட்டுக்கு அது பெரிய தொகை அல்ல, மறுக்கவும் கூடாது.

இதையெல்லாம் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம் பலருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரத்தையோ கலவையையோ தவறாகச் சொல்லி விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராமல் இருப்பதையும் அதே பட்டியலில் சேர்க்கிறது. எஸ்டிமேட் என்று துண்டுச் சீட்டில் 'தாஜ்மஹால், இத்தனை சதுர அடி' என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அது பளிங்கு என்று தெரிந்தாலும் நிரூபிக்க ஒன்றும் இருக்காது. 'இயற்கைக் குவார்ட்சைட்' என்ற இரண்டு சொல் பில்லில் ஏறிவிட்டால் கதையே வேறு. நேர்மையான வியாபாரி அதை எழுதத் தயங்க மாட்டார். அவருக்கும் இதில் லாபமே உண்டு. பளிங்கைக் குவார்ட்சைட் என்று விற்கிற பக்கத்துக் கடைக்காரரோடு விலையில் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. கல் வணிகர் சங்கங்கள் மனம் வைத்தால் ஒவ்வொரு பலகையின் மூலையிலும் கல்லின் இனம், எடுத்த நாடு, பிசின் நிரப்பியதா என்ற மூன்று விவரத்தையும் ஒரு ஸ்டிக்கரில் ஒட்டிவிடலாம்.

அதுவரைக்கும் அந்தக் கிடங்கில், அந்த வெளிர்நிறப் பலகையின் முன் நிற்கிற குடும்பம் பேச்சை இப்படித் தொடரலாம்.

"தம்பி, இதுல ஒரு துண்டு குடுங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் விட்டுப் பாத்துட்டு நாளைக்கு வர்றோம். சரியா இருந்தா பில்லுல இயற்கைக் குவார்ட்சைட்னு எழுதிக் குடுத்துடுங்க. கட்டிங் உங்க பட்டறையிலதான், தண்ணி விட்டு. அதையும் அதுலயே எழுதிடுங்க."